கருவிற் கேட்டலும் தாலாட்டின் ஒலிநயமும்: அம்மையார்குப்ப வட்டார இருமொழிச் சூழலை முன்வைத்து

நாரதர் கயாதுவுக்கு உரைத்த திருமால் நெறியை அவள் வயிற்றிலிருந்த பிரகலாதன் கேட்டுணர்ந்தான் என்பது பாகவத மரபு. கருவிலிருக்கும் குழந்தை சொற்பொருளையே கற்கும் என்பது இக்கதையின் துணிபு. தற்கால ஆய்வுகள் கருவிற் கேட்டலை உறுதிசெய்கின்றன; ஆயினும் கேட்கப்படுவது யாது என்பதில் அவை மரபிலிருந்து வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைத் தாலாட்டு மரபோடு பொருத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவின் செவிப்புலன் ஏறத்தாழ ஆறாம் திங்களின் இறுதியில் செயற்படத் தொடங்குகிறது. தாயின் உடல் உயர் அதிர்வெண் ஒலிகளை மட்டுப்படுத்துவதால் மெய்யொலிகளின் நுண்வேறுபாடுகள் மங்கிவிடுகின்றன. குரலின் ஏற்ற இறக்கமும் அசைநயமும் எஞ்சுகின்றன. டிகாஸ்பர், ஸ்பென்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்கள் இறுதி ஆறு வாரங்களில் நாள்தோறும் இருமுறை ஒரு கதையை உரக்கப் படித்தனர். பிறந்த குழந்தைகள் தாம் சப்பும் முறையை மாற்றி அக்கதையையே விரும்பிக் கேட்டன. வேறொரு பெண் படித்தபோதும் அவ்விருப்பம் காணப்பட்டது. எனவே, பதிந்தது தாயின் குரல் மட்டுமன்று. பனுவலின் ஒலியமைதியும் ஆகும்.

இம்முடிவு தாலாட்டின் அமைப்பை விளக்கத் துணைசெய்கிறது. 'தால்' என்பது நாவைக் குறிக்கும். பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவமும் அப்பெயரே பெற்றது. பொருளற்ற 'ஆராரோ' என்னும் ஒலிக்கோவை நெட்டுயிர்களாலும் மீண்டும் வரும் ரகரத்தாலும் ஆனது. பொருள் நீங்கியும் நயம் நிற்கும் இவ்வமைப்பு குழந்தையின் முதற்கேள்விக்கு இயைந்ததாகும்.

திருத்தணியை அடுத்த, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அம்மையார்குப்பம் இவ்வாய்வுக்குத் தக்க களமாகும். படாஸ்கர் பரிந்துரையின் வழி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது; எல்லை மாறினும் தமிழும் தெலுங்கும் அப்பகுதியில் ஒருங்கே வழங்குகின்றன. தமிழின் 'ஆராரோ'வும் தெலுங்கின் 'ஜோ ஜோ', 'லாலி' ஆகியனவும் அங்கு அண்மையில் ஒலிக்க இடமுண்டு. கருவுற்ற காலத்தில் ஆங்கிலமும் தகலாகும் பேசிய தாய்மாரின் குழந்தைகள், பிறந்தவுடன் இரு மொழியிலும் நாட்டம் காட்டியதோடு அவற்றை வேறுபடுத்தியும் அறிந்தன என்பதை 2010இல் வெளிவந்த பையர்ஸ்-ஹைன்லைன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எனினும் அவ்விரு மொழிகளும் ஒலிநயத்தால் வேறுபட்டவை. ஒரே குடும்பத்தைச் சார்ந்து ஒலிநயத்தாலும் நெருங்கிய தமிழ்-தெலுங்கு இணைக்கு அம்முடிவை அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. தனி ஆய்வு வேண்டும்.

இதனால் பெறப்படுவன இரண்டு. கருவிலேயே நூற்பொருளை ஊட்டி அறிஞராக்கலாம் என்னும் கூற்றுக்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை. எழுத்தறியாத் தாயின் பாட்டும் கற்ற தாயின் வாசிப்பும் கருவின் செவிக்கு ஒரே தரத்தன. தாய்க்கு இயல்பான மொழியே போதுமானது. சொற்பொருள் வளரும் பிற்பருவத்தில்தான் நூல் வாசிப்பு தனிப்பயன் தருகிறது. ஆதலின், எல்லைப்புறத் தாலாட்டுகளைச் சொற்களாக மட்டும் தொகுத்தல் போதாது. அவற்றைப் பாடும் குரலோடும் இசையோடும் பதிவுசெய்தல் இன்றியமையாததாகும்.