அறிகுறி இல்லாதவருக்கும் மருந்து

மாடு சினை பிடிக்காவிட்டால் பழி பசுவின் மேல்தான் விழும். ஆனால் டிரைட்ரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி நிரந்தரமாகக் குடியிருப்பது காளையிடம், அதன் குறியை மூடிய உறையின் நுண்மடிப்புகளில். வயது ஏற ஏற மடிப்புகள் ஆழமாகும், ஒட்டுண்ணிக்கு வசதி. காளைக்கு நோவும் இல்லை, இணைசேரும் ஆர்வமும் குறையாது. பசுவுக்கோ கருப்பை அழற்சி, கருச்சிதைவு. ஆனாலும் பெரும்பாலான பசுக்கள் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடும். ஆகவே தடுக்க வேண்டிய இடம் காளை. சோதித்த காளைகளின் விந்தைக்கொண்டு செயற்கைக் கருவூட்டல் பரவிய நாடுகளின் பால்பண்ணைகளிலிருந்து இந்நோய் ஏறக்குறைய மறைந்தே போனது.

மனிதரிடம் இதன் உறவுக்கார ஒட்டுண்ணி டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ். 1836-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆல்ஃபிரெட் டோனே கண்டறிந்தது. 2020-இல் மட்டும் 15.6 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெள்ளைப்படுதல், அரிப்பு என்று மருத்துவரிடம் வருபவர் பெண். கணவருக்குப் பெரும்பாலும் ஒரு தொல்லையும் இராது. கழிப்பறையில் தொற்றியிருக்கும் என்பார்கள். ஈரத்துணியில் சிறிது நேரம் அது பிழைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அமீபாவைப் போல உறுதியான உறைக்குள் ஒடுங்கத் தெரியாததால் காய்ந்தால் செத்துவிடும்; பரவுவது உடலுறவு வழியாகத்தான். அப்படியானால் இது துரோகத்துக்குச் சான்றா? அதுவும் அவசரத் தீர்ப்பு: தொற்று மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி நீடிக்கும். ஆணுக்குத் தானாகவே சரியாகிவிடுமே என்ற வாதம் சிலர் விஷயத்தில் சரி, ஆனால் அதற்குள் குணமான மனைவிக்கு அவரே மறுபடி கொடுத்துவிடுவார். மெட்ரோனிடசோல் மாத்திரையை இருவருக்கும் ஒரே சமயத்தில் மருத்துவர்கள் எழுதித்தருவது அதனால்தான்.