விண்வெளி வழியே வரும் ஐந்நூறு ரூபாய்

குப்பத்தை அடுத்த காட்டோரச் சிற்றூர்களிலும், சேஷாசல மலையடிவார ஊர்களிலும் உள்ள சில ஏ.டி.எம். மையங்களின் கூரையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள வெண்ணிற டிஷ் ஒன்று வானை நோக்கி நிற்பதைக் காணலாம். தொலைக்காட்சிக்கானது என்று எண்ணி நாம் கடந்து சென்றுவிடுகிறோம். உண்மையில் அந்த இயந்திரத்தை வங்கியின் கணினி மையத்தோடு இணைக்கும் ஒரே வழி அதுவாக இருக்கக்கூடும். வங்கித் துறையில் இதனை 'வி-சாட்' என்பர். அங்கே 500 ரூபாய் எடுக்க அட்டையைச் செருகும்போது, நமது கோரிக்கை முதலில் செல்வது பக்கத்து நகரத்துக்கு அன்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளுக்கு.

எண்பது ஆண்டுகளுக்கு முன் இது வெறும் கற்பனை. அக்கற்பனை நம் ஊர்க் கூரைக்கு எவ்வாறு வந்தது, சில வேளைகளில் அது ஏன் தடுமாறுகிறது, அப்போது வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தணிக்கையாளர் கண்ட கனவு

அறிவியல் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் சி. கிளார்க், இளமையில் இங்கிலாந்து அரசுத் துறை ஒன்றில் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் ராடார் பிரிவில் பணியாற்றினார். 1945 அக்டோபரில், தமது 27ஆம் வயதில், 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

அதன் சாரம் எளியது. பூமியை வலம்வரும் பொருள் உயரே செல்லச் செல்ல, ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அந்த நேரம் பூமி தன்னைத் தானே சுற்றும் நேரத்துக்குச் சமமாகிவிடும். ஆகவே நிலநடுக்கோட்டுக்கு மேலே அவ்வுயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் செய்திகளை அஞ்சல் செய்யலாம்.

அன்று விண்ணில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957இல்தான் ஏவப்பட்டது. கிளார்க்கும் மனிதர்கள் தங்கிப் பணிபுரியும் நிலையங்களையே மனத்தில் கொண்டிருந்தார். கையளவு மின்னணுப் பலகைகள் அந்த வேலையைச் செய்துவிடும் என்பதை அவரும் அன்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் உயரக் கணக்கு தவறவில்லை. 1964இல் சின்காம்-3 அந்த இடத்தில் நிலைகொண்டு, டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அனுப்பியது.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர் கிளார்க். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகளை இந்தியா ஒளிபரப்பியது. அதனைக் காண்பதற்கான டிஷ் ஒன்றை நமது விண்வெளிப் பொறியாளர்கள் அவரது கொழும்பு இல்லத்திலேயே அமைத்துக் கொடுத்தனர். கனவு கண்டவரின் வீட்டிலேயே கனவு வந்து இறங்கியது எனலாம்.

மாட்டு வண்டியும் ஸ்ரீஹரிகோட்டாவும்

இந்தியாவின் முதல் சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான 'ஆப்பிள்' 1981 ஜூன் 19 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. அதனை மாட்டு வண்டியில் ஏற்றி நிறுத்திய புகைப்படம் பலருக்கு நினைவிருக்கும். அது வறுமையின் அடையாளம் அன்று. இரும்பு வாகனம் வானொலி அலைகளைச் சிதறடித்துச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், மரவண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது.

பிறகும் நெடுங்காலம் நமது கனமான தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பிறநாட்டு ராக்கெட்டுகளையே நம்பியிருந்தன. அவ்வளவு உயரத்துக்குக் கனத்தைத் தூக்கிச் செல்ல, மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் என்ஜின் தேவை. அந்தத் தொழில்நுட்பத்தைத் தர ஒப்புக்கொண்டிருந்த ரஷ்யா, 1993இல் அமெரிக்காவின் நெருக்குதலால் பின்வாங்கியது. நமது பொறியாளர்கள் தாமே அதனை உருவாக்க முனைந்தனர். 2010இல் முதல் முயற்சி தோல்வியுற்றது. 2014 ஜனவரி 5 அன்று, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14ஐ இந்திய கிரையோஜெனிக் என்ஜின் வெற்றியுடன் உயர்த்தியது. 2017 ஜூன் 5 அன்று 3,136 கிலோ எடையுள்ள ஜிசாட்-19 சென்றது.

இவ்விரண்டும் புறப்பட்ட இடம், இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலுள்ள இத்தீவு, நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இருப்பதால், பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்குக் கூடுதல் உந்துதலாக அமைகிறது. கிழக்கே திறந்த கடல் இருப்பதால் எரிந்து கழலும் பாகங்கள் மக்கள் மேல் விழும் அச்சமும் இல்லை. ஏவுதலுக்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலையில் வைத்து விஞ்ஞானிகள் வழிபடும் வழக்கத்தை நாம் அறிவோம்.

அரை நொடிப் பயணம்

ஏ.டி.எம்.மில் தொகையை அழுத்தியவுடன் நடப்பது இதுதான். கோரிக்கை கூரை டிஷ்ஷிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து மைய நிலத்தளத்துக்கு இறங்கி, வடம் வழியே வங்கியின் கணினி மையத்தை அடைகிறது. அங்கே இரகசிய எண்ணும் இருப்பும் சரிபார்க்கப்பட்டு, கணக்கில் தொகை கழிக்கப்படுகிறது. 'வழங்கலாம்' என்ற விடை அதே பாதையில் திரும்பி வருகிறது. விண்வெளிப் பயணம் மட்டும் 1,40,000 கிலோமீட்டருக்கு மேல். பூமியை மூன்றரை முறை சுற்றி வருவதற்கு ஒப்பானது. ஒளியின் வேகத்தில் செல்வதால் ஆகும் நேரம் ஏறத்தாழ அரை நொடி.

பணம் பயணம் செய்வதில்லை. அது முன்பே இயந்திரத்தின் பெட்டியில் இருக்கிறது. பயணம் செய்வது செய்தி மட்டுமே. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

மழையும் சூரியனும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை கொட்டும்போது வீட்டுத் தொலைக்காட்சிப் படம் உறைந்து நிற்பதைக் கண்டிருப்போம். வி-சாட் இணைப்புகளில் பலவும் அதே அலைவரிசைப் பகுதியைப் பயன்படுத்துகின்றன. அவ்வலைகளின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர். அடர்ந்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன.

மற்றொரு காரணம் வியப்பூட்டுவது. மார்ச் நடுப்பகுதியிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும், சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் மூழ்கிவிடும். இது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே நீடிக்கும். எப்போது நிகழும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லலாம்.

இக்குறைகள் இருந்தும் வி-சாட் ஏன்? 2021 நவம்பரில் திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளைத் தாக்கிய வெள்ளம் போன்ற பேரிடர்களில் சாலைகளும் பாலங்களும் அரிக்கப்படும்போது, அவற்றை ஒட்டிச் செல்லும் வடங்களும் அறுந்துபோகக்கூடும். வானத்துப் பாதையை வெள்ளம் அரிப்பதில்லை; மழை விட்டதும் அது திறந்துகொள்ளும்.

கணக்கில் கழிந்தது, கைக்கு வரவில்லை

கணக்கில் தொகை கழிக்கப்பட்ட பின், விடை திரும்பி வரும் அந்தக் கால் நொடியில் இணைப்பு அறுந்தால் என்னாகும்? உரிய நேரத்துக்குள் விடை கிடைக்காத இயந்திரம் பணத்தை வழங்காது. கைப்பேசிக்கோ 'தொகை கழிக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்துவிடும். ஓய்வூதியத்தை எடுக்க வந்த முதியவருக்கு அந்த நேரத்து அச்சம் சிறிதன்று.

ஆனால் பணம் பெட்டியிலேயே இருக்கிறது. இணைப்பு மீண்டதும் 'வழங்கவில்லை' என்ற செய்தியை இயந்திரம் அனுப்ப, கழித்த தொகை பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். அதுவும் தவறினால், இயந்திரத்தின் பதிவேட்டையும் பெட்டியில் எஞ்சிய பணத்தையும் ஒப்பிட்டு வங்கி கணக்கை நேர்செய்யும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் கால வரம்பு வகுத்துள்ளது. பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதன் பின்னர் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திராமல் வங்கி தானாகவே இதனைச் செய்ய வேண்டும் என்பதே விதி.

ஆயினும் ஏ.டி.எம். சீட்டையோ குறுஞ்செய்தியையோ பத்திரப்படுத்துங்கள். இயந்திரம் அமைந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் எந்த வங்கியுடையதாயினும், அட்டை வழங்கிய வங்கியிடமே முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. உதவுவதாகச் சொல்லி எவரேனும் தொலைபேசியில் இரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்டால் தர வேண்டாம். தொகையைத் திருப்பி வரவு வைக்க அவை எதுவும் தேவையில்லை.

அடுத்த படி

2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள் வீதம் ஏவப்பட்டன. அவை வலம்வரும் உயரம் சுமார் 1,200 கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே செய்தி விண்வெளியில் செல்லும் நேரம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்று மறையுமுன் மற்றொன்று வந்தாக வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கில் தேவைப்படுகின்றன.

பாதை மாறலாம், வேகம் கூடலாம். ஒரு தொகை கழிக்கப்பட்டால் அது உரியவர் கையில் சேர வேண்டும்; சேராவிடில் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்ற பழைய பேரேட்டு விதி மட்டும் மாறாது. வானத்து இணைப்பு சில நிமிடங்கள் அறுந்தாலும், அந்த விதியைக் காப்பது தரையில் உள்ள நமது பொறுப்பு.