விளையாட்டு நட்சத்திரமும் ஊதியமும்



இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டம். 1976இல் அது நகராகத் தொடங்கியது. ஆயினும், பந்தாடிப் பெரும்பொருள் ஈட்டவேண்டும் என்னும் நம் பிள்ளைகளின் கனவு அன்றும் இன்றும் ஒன்றே. அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது? சற்றே சிந்திப்போம்.

பால்மரம் சீவுவதில் எத்துணைக் கைதேர்ந்தவரும் ஆயிரம் பேருடைய நிரையைச் சீவ முடியாது. ஆகவே நல்ல கைக்கும் சாதாரணக் கைக்கும் கூலியில் வேறுபாடு சிறிதே. காற்பந்தில் அப்படியன்று. கோல்காவலர் ஒருமுறை பாய்ந்து பிடிக்கும் பந்தைத் தொலைக்காட்சியில் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் காணலாம். பார்ப்பவர் பெருகினாலும் அவர் உழைப்பு பெருகுவதில்லை. எல்லாரும் மிகச் சிறந்தவரையே காண விரும்புவதால், திறமையில் சிறு வேறுபாடு ஊதியத்தில் மலையாகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஷெர்வின் ரோசன் 1981இல் இதை விளக்கினார்.

ஆனால் புகழ் தானாகப் பணமாகிவிடுமா? கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தை நாம் அறிவோம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதிபெற்ற நம் அணியின் கோல்காவலர் அவரே. நாடே அவரைக் கொண்டாடியது. எனினும் அந்நாளில் ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். பகுதித் தொழில்முறை லீக் 1989இல்தான் வந்தது. ஆறுமுகமோ 1988 டிசம்பரில் கார் விபத்தில் மறைந்துவிட்டார்.

2008இல் இந்தியாவில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, சென்னை அணி தோனியை 15 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. ஒளிபரப்பு உரிமையும் விளம்பரமும் தரும் பணம் ஆட்டக்காரரைச் சென்றடைய அங்கே வழி இருந்தது.

அந்த வழியிலும் உச்சியை எட்டுவோர் மிகச் சிலர். நம் நாட்டிலேயே அண்மை ஆண்டுகளில் சில காற்பந்துக் குழுக்கள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்தன.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஆடட்டும். ஒப்பந்தம் வந்தால் மாதச் சம்பளம் எவ்வளவு, சேமநிதி உண்டா, கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அதைத் தாமே படித்தறியும் அளவுக்காவது பிள்ளைகள் பள்ளிப் படிப்பை விடாதிருக்கட்டும்.