இரத்தம் வந்தால் நடுவர் ஏன் ஆட்டக்காரரை வெளியே அனுப்புகிறார்?

பேரப்பிள்ளை கூடைப்பந்து விளையாடுவதைப் பார்க்கச் சென்றிருக்கிறீர்கள். முழங்கையில் சிறு சிராய்ப்பு, இலேசாக இரத்தம். நடுவர் உடனே பிள்ளையை வெளியே அனுப்பி, மாற்று ஆட்டக்காரரை அழைக்கிறார். "இதற்கெல்லாமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இது தண்டனை அல்ல.

அனைத்துலகக் கூடைப்பந்து விதிகளின்படி, இரத்தம் கசிபவரும் திறந்த காயம் உள்ளவரும் களத்தில் இருக்கக்கூடாது. இரத்தம் நின்று, காயத்தை முழுமையாகவும் விலகாதவாறும் மூடிய பிறகே திரும்பலாம். ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்ஐவி ஆகியவை இரத்தம் வழியாகத் தொற்றக்கூடியவை. விளையாட்டில் அவ்வாறு தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு, பயப்பட வேண்டாம். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கும். ஒரே பந்து பத்துப் பேர் கைகளில் மாறி மாறிச் செல்வதையும் நினைத்துப் பாருங்கள்.

பிள்ளை கீழே விழுந்தும் நடுவர் விசில் ஊதாமல் இருந்தால் கோபப்படாதீர்கள். பந்தை வைத்திருக்கும் அணி அதைக் கூடையை நோக்கி எறியும் வரை, அல்லது இழக்கும் வரை, அவர் பொதுவாகக் காத்திருப்பார். அடிபட்டவரைப் பாதுகாக்க வேண்டிய நிலை என்றால் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்துவார். சுமார் 15 விநாடிக்குள் ஆட்டத்தைத் தொடர முடியாவிட்டாலும், சிகிச்சை பெற்றாலும், அவருக்குப் பதில் வேறொருவர் இறங்க வேண்டும். உடனடிச் சிகிச்சை தேவை என்று கருதினால், அணியின் மருத்துவர் அனுமதி கேட்காமலே உள்ளே வரலாம். தாத்தா பாட்டிக்கு அந்தச் சலுகை இல்லை! பதற்றத்தில் ஓடினால் வழுக்கி விழப்போவது நீங்கள்தான்.

பிள்ளை வெளியே வந்ததும் நீங்கள் உதவலாம். கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைக்க வேண்டாம். காயத்தில் கிருமி சேரும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்னால் குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உங்களுக்கே காயம் பட்டாலும் இதே முறைதான். ஆனால் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரத்தம் நிற்க அதிக நேரமாகும். அழுத்தியும் நிற்காவிட்டால், அல்லது தலையில் அடிபட்டிருந்தால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தம் பீறிட்டால் 995ஐ அழையுங்கள்.