மதீனா ஸியாரத்: பார்த்து வருவதா, பெற்று வருவதா?



ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ செல்லும் ஒவ்வொருவரது உள்ளமும் மதீனா முனவ்வராவைக் காணத் துடிக்கின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622ஆம் ஆண்டில் ஹிஜ்ரத் செய்து வந்து, பத்து ஆண்டுகள் வாழ்ந்து, அடக்கம் செய்யப்பட்டிருக்கும் நகரமல்லவா அது! எனினும், அங்கு செல்வோரில் பலர் ஒரே காலைப் பொழுதில் பஸ்ஸில் ஏறி, இறங்கி, படம் பிடித்து, பேரீச்சம்பழம் வாங்கித் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் இடங்களைப் பார்த்தார்கள்; அவ்விடங்கள் சொல்லும் செய்தியைப் பெற்றார்களா என்பதே கேள்வி.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மதீனாவுக்குச் செல்வது பெரும் பாக்கியமே. ஆனால் அது ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றல்ல. நோயின் காரணமாகவோ வசதியின்மையாலோ மதீனா செல்ல முடியாமல் ஊர் திரும்பிய ஹாஜியின் ஹஜ்ஜில் எக்குறையும் இல்லை. அவ்வாறே, அங்கு நாற்பது வக்துத் தொழுகைகளை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வயோதிபத் தாய் தந்தையர் இதை எண்ணி மனம் வருந்துவதைக் காண்கின்றோம். அவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் பொறுப்பாகும்.

மதீனாவில் காணும் இடங்கள் இரு வகைப்படும். வணக்கத்துக்கெனச் சிறப்புக் கூறப்பட்டவை ஒரு வகை. வரலாற்றுப் படிப்பினைக்குரியவை மற்றொரு வகை.

முதல் வகையில் தலையாயது மஸ்ஜிதுந் நபவி. இங்கு தொழும் ஒரு தொழுகை, மஸ்ஜிதுல் ஹராமைத் தவிர்ந்த ஏனைய பள்ளிகளில் தொழும் ஆயிரம் தொழுகைகளை விடச் சிறந்தது என நபியவர்கள் அறிவித்துள்ளார்கள். அவர்களது இல்லத்திற்கும் மிம்பருக்கும் இடைப்பட்ட பகுதியே சுவனத்துப் பூங்காவான றவ்ழா ஆகும். இன்று றவ்ழாவினுள் செல்வதற்கு ‘நுசுக்’ செயலி மூலம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியுள்ளது. ஆகவே பயண ஏற்பாட்டின்போதே அதனைக் கவனித்துக்கொள்ளுங்கள். உள்ளே சென்றதும் பிறரை நெருக்கித் தள்ளாதீர்கள். ஸுன்னத்தான ஒரு செயலுக்காக ஒரு முஃமினை நோவிப்பது நன்மையைத் தேடும் வழியல்ல.

பின்னர் நபியவர்களுக்கும், அருகே அடங்கியிருக்கும் அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) ஆகியோருக்கும் தாழ்ந்த குரலில் ஸலாம் கூறுங்கள். பச்சைக் குப்பாவைக் கண்டு கண்ணீர் மல்குவோர் பலர். கி.பி. 1279இல் முதலில் மரத்தால் எழுப்பப்பட்ட குப்பா, 1837ஆம் ஆண்டளவிலேயே பச்சை நிறம் பெற்றது. நபித்தோழர்கள் கண்ட பள்ளியோ ஈச்சமரத் தண்டுகளாலும் ஓலைகளாலும் ஆனது. மழை பெய்தால் ஒழுகும். அந்தச் சேற்றிலேயே நபியவர்கள் ஸுஜூது செய்தார்கள். சலவைக்கல்லின் குளிர்ச்சியில் நிற்கும்போது அந்த ஓலைக் கூரையையும் நினைத்துப் பாருங்கள்.

குபாப் பள்ளிக்கு நபியவர்கள் சனிக்கிழமைகளில் வாகனத்திலும் நடந்தும் செல்வார்கள். தங்குமிடத்திலேயே வுழூச் செய்துகொண்டு அங்கு சென்று தொழுபவருக்கு ஓர் உம்றாவின் நன்மை உண்டு என ஹதீஸில் வந்துள்ளது. ஜன்னதுல் பகீஃ மையவாடியில் அடங்கியிருப்போருக்கு ஸலாம் சொல்லி, அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்பதே முறை, அவர்களிடம் கேட்பதல்ல.

இரண்டாம் வகை இடங்களில், ஹிஜ்ரத்தின் பின் பதினாறு அல்லது பதினேழு மாதங்களில் நிகழ்ந்த கிப்லா மாற்றத்தை நினைவூட்டும் மஸ்ஜிதுல் கிப்லதைன் ஒன்று. ஸல்மானுல் பாரிஸி (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி கி.பி. 627இல் அகழ் தோண்டப்பட்ட கந்தக் களம் மற்றொன்று.

உஹதுக்கோ இரு சிறப்பும் உண்டு. அங்குள்ள ஷுஹதாக்களுக்கு ஸலாம் கூறுவதும் ஸுன்னத்து. அம்மலையடிவாரம் பெரும் பாடசாலையும் கூட. கி.பி. 625இல் அங்குள்ள சிறு குன்றில் ஐம்பது வில்வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். வென்றாலும் தோற்றாலும் இடம்பெயரக் கூடாது என்பது கட்டளை. வெற்றி தெரிந்தது, பெரும்பாலோர் கனீமத்துப் பொருளை நாடி இறங்கினர். எழுபது பேர் ஷஹீதானார்கள். அவர்களுள் ஹம்ஸா (ரழி) அவர்களும் ஒருவர். மக்காவில் செல்வத்தில் வளர்ந்த முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களின் கபனோ தலையை மூடினால் காலுக்கு எட்டவில்லை. காலைப் புல்லால் மூடினார்கள்.

இன்று அதே குன்றில் மக்கள் ஏறி இறங்குகின்றனர். சிலர் மண்ணையும் கல்லையும் பொதி கட்டுகின்றனர். அன்பர்களே! அங்கிருந்து கொண்டுவர வேண்டியது கல்லல்ல. நமக்கெனக் குறிக்கப்பட்ட இடத்தை இலாபத்தைக் கண்டதும் விட்டிறங்கும் பழக்கம் நமது வியாபாரத்திலும் குடும்பத்திலும் பொறுப்புகளிலும் உள்ளதா என்ற கேள்வியையே கொண்டுவர வேண்டும்.

எனவே, புறப்படுமுன் நபியவர்களின் ஸீராவை ஒரு முறையேனும் படியுங்கள். படிக்க இயலாத பெரியோருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். இடம் தெரிந்தவனுக்கு ஸியாரத் ஒரு காலைப் பொழுது. அதன் வரலாறு தெரிந்தவனுக்கு அது ஆயுட்காலப் பாடம்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் அப்புனித பூமியைத் தரிசிக்கும் பாக்கியத்தையும், அதன் படிப்பினைகளின்படி வாழும் தௌபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.