புறநானூற்றுத் தரவுத்தளத்தில் நிரற்பொருட் பண்புகளும் உறவு அட்டவணைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத் தரவுத்தளங்களை உருவாக்கும்போது, நிரலில் ஒரு பாடலுக்கு உரிய பண்புகளாக அமைபவற்றை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளில் பொருத்தி வைக்க வேண்டியுள்ளது. இப்பொருத்தம் கணினியாளரின் பணியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. பாடியவர், பாடப்பட்டோர், திணை, துறை ஆகிய நான்கு பண்புகளைப் புறநானூற்றை முன்வைத்து ஆராயும் இக்கட்டுரை, ஒவ்வொரு பொருத்தமும் மூலபாடம் பற்றிய ஒரு கருத்துரையாகவே அமைகிறது என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, தரவுத்தளம், நிரற்பொருள், அயல் சாவி, இணைப்பு அட்டவணை, கொளு.

1. முன்னுரை

இலக்கியத் தரவுகளைக் கணினியில் தொகுத்து, அவற்றிலிருந்து எண்ணிக்கைகளைப் பெற்று முடிவுரைக்கும் ஆய்வுகள் இன்று பெருகி வருகின்றன. ஒரு புலவர் பாடிய பாடல்கள் எத்தனை, ஒரு துறையில் அமைந்தவை எத்தனை என்னும் வினாக்களுக்குக் கணினி நொடியில் விடை தருகிறது. அவ்விடையின் நம்பகத்தன்மை, தரவுகள் எவ்வமைப்பில் சேமிக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. அமைப்பில் நேர்ந்த பிழை விடையில் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. எண் மட்டுமே தோன்றும். எனவே அவ்வமைப்பு உருவாகும் முறையைத் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாததாகிறது.

2. நிரற்பொருளும் அட்டவணையும்

நிரலாக்கத்தில் ஒரு பொருளையும் அதன் பண்புகளையும் ஒருங்கே வைத்துக் கையாளும் முறை, நார்வே நாட்டில் உருவான சிமுலா 67 என்னும் மொழியில் தொடங்கியது. அகப்பொருள், புறப்பொருள் என்னும் இலக்கண வழக்குகளோடு மயங்காதிருக்க, இக்கட்டுரையில் அது ‘நிரற்பொருள்’ எனக் குறிக்கப்பெறுகிறது. ‘பாடல்’ என்பது ஒரு வகுப்பு எனின், புறநானூற்றின் 192ஆம் பாடல் அவ்வகுப்பைச் சார்ந்த ஒரு நிரற்பொருள். பாடியவர், திணை, துறை முதலியன அதன் பண்புகள்.

தரவுத்தளமோ வேறொரு கோட்பாட்டின் வழி அமைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அம்மாதிரியில் தரவுகள் அனைத்தும் அட்டவணைகளாகவே அமைகின்றன. ஒவ்வொரு கிடைவரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது முதன்மைச் சாவி. ஓர் அட்டவணையின் வரிசை மற்றோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டுவதற்குப் பயன்படுவது அயல் சாவி.

நிரற்பொருள் தன் பண்பாகப் பிற நிரற்பொருள்களின் பட்டியலையே கொண்டிருக்க முடியும். உறவுசார் அட்டவணையின் ஒரு கட்டத்திலோ ஒரு மதிப்பு மட்டுமே இடம்பெற வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான பொருத்தத்தைக் கணினியாளர் ஓ.ஆர்.எம். எனச் சுருக்கி வழங்குவர். ஜாவா மொழிக்கு 2001இல் வெளிவந்த ஹைபர்நேட், பைத்தான் மொழிக்கு 2005இல் வெளிவந்த ஜாங்கோ, 2006இல் வெளிவந்த எஸ்.கியூ.எல்.ஆல்கெமி ஆகியன இப்பொருத்தத்தைச் செய்துதரும் மென்பொருள்கள். இவை உறவைச் செயற்படுத்துமேயன்றி, எந்த உறவு பொருத்தமானது என்று முடிவு செய்வதில்லை.

3. பாடியவர்: பெயரும் ஆளும்

பாடல் வகுப்பில் ‘பாடியவர்’ என்னும் பண்பை எழுத்துத் தொடராக வைப்பதே எளிய வழி. பாடல் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். ஆனால் அவ்வமைப்பில் ‘பரணர்’ என்னும் தொடரைத் தேடும் ஆய்வாளருக்கு, 4ஆம் பாடலைப் பாடிய பரணரோடு, 148ஆம் பாடலைப் பாடிய வன்பரணரும், 291ஆம் பாடலைப் பாடிய நெடுங்கழுத்துப் பரணரும் ஒருங்கே கிடைப்பர். முழுப்பெயர் ஒப்புமையை மட்டும் தேடினால் எதிர்மாறான இடர் நேர்கிறது. நக்கீரர், நக்கீரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் வடிவங்கள் மூன்று புலவர்களாக எண்ணப்படும்.

இதற்குத் தீர்வு, பண்பை உறவாக மாற்றுவதாகும். ‘புலவர்’ தனி வகுப்பாகவும் தனி அட்டவணையாகவும் அமைய, பாடல் அட்டவணை புலவரின் முதன்மைச் சாவியை அயல் சாவியாகக் கொள்ளும். ஒரு புலவருக்குப் பல பாடல்கள் உரியனவாதலின் இது ஒன்று–பல உறவு. பெயர் வடிவங்கள் மூன்றாவது அட்டவணையில் அமைந்து புலவரைச் சுட்டும். அப்போது, ‘இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன’ என்னும் கருத்து, பெயர் அட்டவணையின் ஒரு வரிசையில் வெளிப்படையாகப் பதிவாகிறது. அக்கருத்தை ஏற்காத ஆய்வாளர் அவ்வரிசை ஒன்றை மாற்றினாலே போதுமானது. பாடல்களைத் தொட வேண்டியதில்லை.

தொடித்தலை விழுத்தண்டினார், இரும்பிடர்த்தலையார், கூகைக்கோழியார் போன்ற பெயர்கள் பாடலில் பயின்ற தொடரால் அமைந்தவை. இவற்றை இயற்பெயர்களோடு ஒரே நிலையில் வைத்தால், புலவர் பெயர் பற்றிய ஆய்வில் பாடலின் சொல்லே புலவரைப் பற்றிய சான்றாக எண்ணப்பட்டுவிடும். எனவே பெயர் அட்டவணையில் ‘பெயரின் தன்மை’ என்னும் நெடுவரிசை தேவைப்படுகிறது.

4. பாடப்பட்டோர்: பல–பல உறவு

புறநானூற்றுப் பாடல்களுள் பல ஒரு தலைவனையே பாடுவதால், ‘பாடப்பட்டோர்’ என்பதையும் ஓர் அயல் சாவியாக வைத்துவிடலாம் எனத் தோன்றும். 58ஆம் பாடல் இவ்வமைப்பை ஏற்பதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்தபோது அதனைப் பாடினார். 367ஆம் பாடலில் ஔவையார், சேரமான் மாரிவெண்கோ, பாண்டியன் கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதி, சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி ஆகிய மூவரையும் ஒருங்கே பாடியுள்ளார்.

ஓர் அயல் சாவி மட்டும் இருப்பின், பதிவு செய்பவர் மூவருள் ஒருவரைத் தெரிவு செய்தாக வேண்டும். மூவேந்தரும் ஒருங்கிருந்தமையே இப்பாடலின் தனிச்சிறப்பு. அமைப்பின் குறையால் முதலில் அழிவது அதுவே. பாடப்பட்டோர் 1, 2, 3 என மூன்று நெடுவரிசைகள் வைப்பதும் தீர்வாகாது. ஒரு மன்னனைத் தேடும்போதெல்லாம் மூன்று இடங்களிலும் தேட நேரும். பெரும்பாலான பாடல்களில் இரண்டு கட்டங்கள் வீணே வெறுமையாக நிற்கும்.

ஒரு பாடலுக்குப் பல தலைவர், ஒரு தலைவனுக்குப் பல பாடல்கள் என அமையும் இது பல–பல உறவாகும். இதற்கு மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும்:

பாடல்: பாடல் சாவி, பாடல் எண், புலவர் சாவி
தலைவர்: தலைவர் சாவி, பெயர், குடி
பாடல்–தலைவர்: பாடல் சாவி, தலைவர் சாவி, உறவின் வகை

367ஆம் பாடலுக்கு இணைப்பு அட்டவணையில் மூன்று வரிசைகள் அமையும். நிரலில் அவை அப்பாடலின் ‘பாடப்பட்டோர்’ என்னும் ஒரே பண்பாக, மூவர் அடங்கிய பட்டியலாகத் தோன்றும். இங்கு ‘உறவின் வகை’ கருதத்தக்கது. பாடப்பட்ட தலைவன் வேறு, பாடலினுள் குறிப்பிடப்படும் தலைவன் வேறு. இத்தரவுத்தளம் அகநானூற்றுக்கும் விரிவுபடுத்தப்படின் இவ்வேறுபாடு மேலும் இன்றியமையாததாகும். பரணரின் அகப்பாடல்களில் வேந்தர், வேளிர் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் பல உவமையாகவே வருகின்றன. இணைப்பு அட்டவணை தனக்கெனப் பண்பு பெற்றதும், அது நிரலிலும் தனி வகுப்பாக அமைய வேண்டியதாகிறது.

5. திணை, துறை: சாவியின் கட்டுப்பாடு

அயல் சாவி சுட்டும் வரிசை மற்ற அட்டவணையில் இல்லையெனின் தரவுத்தளம் அப்பதிவை மறுத்துவிடும். இக்கட்டுப்பாடு பிழைகளைத் தடுக்கிறது. அதே வேளையில் ஓர் இலக்கணக் கொள்கையையும் நிலைநிறுத்திவிடுகிறது. தொல்காப்பியத்தை அடியொற்றி வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு வரிசைகளோடு திணை அட்டவணையை அமைப்பதாகக் கொள்வோம். கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடலைப் பதிவு செய்ய இயலாது போகும். அதன் கொளு பொதுவியல் திணையைச் சுட்டுகிறது. கரந்தை, நொச்சி எனக் கொளுப் பெற்ற பாடல்களுக்கும் இந்நிலையே நேரும்.

பதிவாளர் அப்பாடலைக் காஞ்சியில் சேர்த்துவிட்டால் கணினி ஏற்றுக்கொள்ளும். ஆனால் கொளுவின் வகைப்பாடு மறைந்துபோகும். எனவே திணை அட்டவணையில் ‘வகைப்பாட்டு மரபு’ என்னும் நெடுவரிசை அமைத்து, கொளு கூறுவதையும் தொல்காப்பியம் கூறுவதையும் தனித்தனி உறவுகளாகக் காட்டுதலே தக்கது.

துறையும் ஒற்றை மதிப்பாக அமைவதில்லை. 6ஆம் பாடலின் கொளு செவியறிவுறூஉ எனக் கூறி, வாழ்த்தியலும் ஆம் எனச் சேர்க்கிறது. ‘ஆம்’ என்னும் சொல் இரண்டாவது துறையை மாற்றுக் கருத்தாகவே தருவதால், பாடல்–துறை இணைப்பு அட்டவணையில் இரண்டும் சம நிலையில் அமைதல் கூடாது. முதன்மை, மாற்று என்னும் நிலை அங்கே குறிக்கப்பட வேண்டும்.

6. வெற்றிடத்தின் பொருள்

புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்களுள்ளும் சிலவற்றுக்குப் பாடியவர் பெயர் தெரியவில்லை. இத்தகைய இடங்களில் அயல் சாவி வெற்று மதிப்பாக விடப்படுகிறது. தரவுத்தள வினவல் மொழியாகிய எஸ்.கியூ.எல்., வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ கூறுவதில்லை. ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் நிலையையே தருகிறது.

இதன் விளைவு நுட்பமானது. கபிலர் அல்லாதார் பாடிய பாடல்களைக் கேட்டால், பாடியவர் பெயர் அறியப்படாத பாடல்கள் விடையில் இடம்பெறா. கபிலர் பாடியவற்றையும் அல்லாதவற்றையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை குறைந்து நிற்கும். எஸ்.கியூ.எல்.ஆல்கெமியில் சமமின்மைக் குறியால் அமைக்கும் வினவல் இவ்வாறே செயற்படுகிறது. ஜாங்கோவின் விலக்கு வினவலோ வெற்று மதிப்புடைய பாடல்களையும் சேர்த்துத் தருமாறு தொடரை அமைக்கிறது. ஒரே தரவுத்தளம் இரு மென்பொருள்வழி இரு வேறு எண்களைத் தரக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

மேலும், பெயர் அழிந்துபட்டது, பெயர் இன்னும் பதிவு செய்யப்படவில்லை என்னும் இருவேறு நிலைகளை வெற்று மதிப்பு வேறுபடுத்துவதில்லை. சுவடியின் நிலையையும் பதிவாளர் பணியின் நிலையையும் ஒன்றாக்கிவிடும் இக்குறையை நீக்க, வெற்றிடத்தின் காரணத்தைக் குறிக்கும் தனிப் பண்பு தேவை.

7. அழித்தலும் வினவலும்

உறவுகள் அமைந்தபின் இரண்டு செயல்களில் விழிப்பு வேண்டும். முதலாவது அழித்தல். இரு பதிவுகள் ஒரே புலவரைக் குறிப்பனவென முடிவு செய்து ஒன்றை நீக்கும்போது, தொடர் அழிப்பு முறை அமைந்திருப்பின் அப்பதிவைச் சுட்டும் பாடல்களும் உடன் அழியும். ஜாங்கோவின் 2.0 பதிப்பு முதல் அயல் சாவி ஒவ்வொன்றுக்கும் அழித்தல் முறையை வெளிப்படையாகக் குறித்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இலக்கியத் தரவுகளுக்குத் தடுப்பு முறையே ஏற்றது: பாடல்களை வேறு புலவர்க்கு மாற்றும்வரை பழைய பதிவை நீக்க அது இடந்தராது.

இரண்டாவது வினவல் எண்ணிக்கை. நிரலில் பாடலின் பாடப்பட்டோர் பட்டியலைக் கேட்கும்போதுதான் மென்பொருள் பொதுவாக அதனைத் தரவுத்தளத்திலிருந்து பெறுகிறது. 398 பாடல்களைப் பெற ஒரு வினவல், ஒவ்வொன்றின் தலைவர்களையும் பெற 398 வினவல்கள் என மொத்தம் 399 நிகழும். முன்கூட்டியே உறவைப் பெறும் முறையைக் குறித்தால் இரண்டே வினவல்களில் இப்பணி முடியும். இது விடையை மாற்றாது, விரைவையே மாற்றும். ஆதலின் இதனைக் கணினியாளரிடம் விட்டுவிடலாம்.

8. முடிவுரை

பண்பை எழுத்துத் தொடராக வைப்பதா உறவாக வைப்பதா என்பது, பெயரையும் ஆளையும் வேறுபடுத்தும் முடிவு. ஒன்று–பல, பல–பல என்பது பாடலுக்கும் தலைவர்க்கும் உள்ள தொடர்பு பற்றிய முடிவு. திணை அட்டவணையின் வரிசைகள் எந்த இலக்கண மரபைப் பின்பற்றுகிறோம் என்பதைக் காட்டுகின்றன. வெற்று மதிப்பு சுவடியின் இழப்பைக் குறிப்பது. இவை பதிப்பாசிரியர்கள் முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் காரணம் காட்டி எழுதிவந்த முடிவுகளே. தரவுத்தளத்தில் இவை அட்டவணை அமைப்பினுள் மறைந்து நிற்கின்றன. எனவே இலக்கியத் தரவுத்தளத்தை வெளியிடுவோர், அதன் அட்டவணை உறவுகளையும் அவற்றைத் தெரிவு செய்த காரணங்களையும் பதிப்புரை போல உடன் வெளியிடுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், அதிலிருந்து பெறும் எண்ணிக்கைகள் பிற ஆய்வாளரால் சரிபார்க்கத்தக்க சான்றுகளாக அமையும்.