கடல் கடந்து வரும் பழைய மோட்டார் வண்டி

கடல்வழி வந்த பண்டங்களின்மேல் அரசன் கொள்ளும் இறையைப் பண்டைத் தமிழர் ‘உல்கு’ என்றனர். ‘ஆயம்’ என்னுஞ் சொல்லும் அப்பொருளதே. தமிழ் விவிலியத்தில் மத்தேயு அமர்ந்திருந்த இடம் ‘ஆயத்துறை’ எனப்படுதலை நம்மில் பலர் அறிவர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழனுடைய புலிப்பொறி இடப்பட்ட பின்னரே பண்டப் பொதிகள் இடம் பெயர்ந்தன என்பதைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். முதற் குலோத்துங்கன் ஒருவனே சுங்கந் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். அத்தகைய மன்னன் மீண்டும் தோன்றுவான் என்று கருதி மோட்டார் வண்டி வாங்குவோர் எவரும் காத்திருத்தல் வேண்டா.

இராயபுரத்தில் வாழும் எம்மனோர்க்குச் சுங்கம் என்பது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. சுங்க இல்லம் அருகிலுள்ள இராஜாஜி சாலையில் உளது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் நிரை நிரையாக நிற்கின்றன. தெருவுக்கு ஒருவரேனும் ‘கிளியரிங்’ வேலையில் இருப்பர். வீட்டுக்கு ஒருவரேனும் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பர். ஆதலின், ‘அங்கே ஓட்டிய காரை ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றி நம் துறைமுகத்திலேயே இறக்கிக் கொள்ளலாகாதா?’ என்னும் வினா இங்கு அடிக்கடி எழுகின்றது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எம் சிற்றப்பாவும், “தம்பி, நீ துறைமுகத்துப் பக்கத்திலேயே இருக்கிறாய், நாலு பேரைக் கேட்டு எழுது” என்று பணித்திருந்தார். அவர் பொருட்டுத் திரட்டிய செய்திகள் பிறர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதலானேன்.

முதற்கண் அறிய வேண்டுவது, சென்னைத் துறைமுகத்தில் பழைய கார் இறங்க முடியாது என்பதே. புதிய காராயின் சென்னையிலும் எண்ணூரிலும் இறக்கலாம். ஒருவர் ஓட்டிப் பழகிய காரோ மும்பைத் துறைமுகம் ஒன்றன் வழியாகவே இந்தியாவுக்குள் வருதல் வேண்டும் என்பது அயல்நாட்டு வாணிகக் கொள்கையின் விதி. இராயபுரத்து வீட்டு மாடியினின்று பார்த்தால் கப்பல்களின் பாய்மரமற்ற கோபுரங்கள் தெரியும். ஆயினும் அவ்வீட்டுக்குரியவர் கார் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அரபிக் கடலோரத்தில்தான் கரையேற வேண்டும்.

இரண்டாவது செய்தி இதனினும் வியப்புடையது. பல்லாண்டு வேற்று நாட்டில் வாழ்ந்து திரும்புவோர் தம் கட்டில், பெட்டி, சமையற் கலங்களோடு காரையும் தம் உடைமை என்றே எண்ணுவர். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமோ ‘பயணிகளின் மூட்டை’ என்பதற்கு இலக்கணங் கூறுங்கால், மோட்டார் வண்டி அதனுள் அடங்காது என்று வெளிப்படையாக விலக்கிவிடுகின்றது. ஆகவே அன்போடு ஓட்டிய வண்டியும் சட்டத்தின் கண்ணுக்கு வாணிகச் சரக்குப் போன்றதே.

இனி, மும்பையிலும் எல்லாக் காரும் இறங்கிவிடா. செய்யப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டு கடந்திருத்தல் கூடாது. கைச்சக்கரம் வலப்புறம் இருத்தல் வேண்டும். வேகமானி கிலோமீட்டரைக் காட்ட வேண்டும். முகவிளக்கின் ஒளி, சாலையின் இடப்பக்கம் செல்லும் நாட்டுக்கு ஏற்றவாறு விழ வேண்டும். இவ்வொரு விதியால் துபாய், தோஹா, ரியாத் முதலிய ஊர்களில் உள்ள நம்மவர் கார்கள் அனைத்தும் விலக்குண்டன. ஆங்கெல்லாம் கைச்சக்கரம் இடப்புறத்தது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் கார்கள் இச்சோதனையில் தேறும். ஆனால் அவற்றுள்ளும் மூன்றாண்டுக்கு உட்பட்ட காரை விட்டு வர மனமிராமையும், அதற்கு மேற்பட்டதைக் கொண்டுவர விதி இடந்தராமையுமே பெரும்பான்மை.

இவையேயன்றி, இறக்குமதியாகும் நாள்முதல் ஐந்தாண்டு சாலையில் ஓடத் தக்கது என்னும் சான்றும், அக்காலத்துப் பழுது பார்க்கும் வசதி இந்நாட்டில் கிடைக்கும் என்னும் உறுதியும் வேண்டும். கப்பலேறுமுன் அயல்நாட்டில் ஒரு சோதனை. கரையிறங்கிய பின் இங்கொரு சோதனை. பின்னதை நடத்துவன, புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், இப்பொழுது அகில்யாநகர் எனப்படும் அகமதுநகரத்துப் பாதுகாப்புத் துறை வாகன ஆராய்ச்சி நிலையம், மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள பண்ணை இயந்திர நிலையம் முதலியன. 2020 ஏப்ரல் முதல் புகை பற்றிய ‘பாரத் ஆறாம் நிலை’ விதியும் சேர்ந்தது. முதற் சோதனைச் சான்றைப் பெறாமல் வண்டியை ஏற்றியவர் பின்னர்ப் படும் துயரம் பெரிது. நடுக்கடலில் செல்லும் காருக்குச் சோதனை செய்வார் இலர்.

இத்துணைத் தடைகள் ஏன் என்று வாசகர் வினவலாம். விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை; எண்ணூருக்குச் சென்றாற் போதும். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூர்த் தொழிற்சாலையில் முதன்முதற் செய்த வேலை, இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்த ஆஸ்டின் கார்களைப் பூட்டி முழு வண்டியாக்குதலே. அதுவே 1955இல் அசோக் லேலண்டு என்னும் பெயர் பெற்று லாரி, பஸ்களுக்குப் பேர்போயிற்று. அவ்வாண்டே திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு தொழிற்சாலையும் தொடக்கத்தில் அயல்நாட்டு உறுப்புக்களைக் கொண்டே புல்லட் வண்டிகளைப் பூட்டியது. 1953இல் இந்தியச் சுங்கவரி ஆணைக்குழு, உறுப்புக்களை இந்நாட்டிலேயே செய்ய முன்வருவோர்க்கே இனி இடம் என்னும் கொள்கையை வற்புறுத்தியது. பூட்டுதலை மட்டும் செய்துவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதன் பின் விலகின. நிலைத்து நின்றவர்கள் உறுப்புக்களையும் வார்க்கக் கற்றனர். வடசென்னையின் பட்டறைகளும், அவற்றை நம்பிய பல்லாயிரங் குடும்பங்களும் அம்மதிலின் நிழலில் வளர்ந்தவையே.

2001 ஏப்ரலில் உலக வாணிக உடன்பாட்டின்படி இறக்குமதித் தடைகளை நீக்க வேண்டிய காலம் வந்தது. அப்பொழுது மத்திய வாணிக அமைச்சராக இருந்தவர் முரசொலி மாறன். ஜப்பானின் பழைய கார்கள் மலிவாக வந்து குவிந்துவிடுமோ என்னும் அச்சம் தொழிலாளர்க்கும் முதலாளிகட்கும் ஒருங்கே இருந்தது. தடை போயிற்று; அதனிடத்தில் மூன்றாண்டு விதியும், மும்பை விதியும், உயர்ந்த வரியும் வந்து நின்றன. அச்சம் வீண் என்று யான் கூறேன். கடலுக்கு அப்பால் இலங்கையில், யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் ஜப்பானில் ஓடிய கார்களே மிகுதி. அந்நாடு அந்நியச் செலாவணி இன்றி இடருற்றபோது 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியிலேதான் மீண்டும் வாயில் திறந்தது. ஆயினும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் செய்த கார்கள் சென்னையினின்றும் எண்ணூரினின்றும் கப்பல் கப்பலாகப் பிற நாடுகட்குச் செல்லும் இந்நாளிலும், தன் ஒரே காரைக் கொண்டுவரும் தனி மனிதனையும் நூறு கார் கொணரும் வணிகனையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

வரியைக் கணக்கிடும் முறை தனியே கூறத் தக்கது. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் விளைகின்றது. ‘யான் இதனைப் பாதி விலைக்கு வாங்கினேன், ரசீது இதோ’ என்று காட்டுவதனால் மட்டும் பயன் இல்லை. புதிதாக இருந்தபோது அக்காரின் விலை யாது என்பதை முதலில் காண்பர். அதிலிருந்து தேய்மானம் கழிப்பர்: முதலாண்டில் காலாண்டு ஒன்றுக்கு நூற்றுக்கு 4, இரண்டாமாண்டில் 3, மூன்றாமாண்டில் 2½. பின்னர்க் கப்பற்கூலியையும் காப்பீட்டையும் கூட்டுவர். ஓர் எடுத்துக்காட்டு: புதிதில் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார், சரியாக இரண்டாண்டு ஓடியது. முதலாண்டுக்கு 16, இரண்டாமாண்டுக்கு 12, ஆக நூற்றுக்கு 28 கழிய, எஞ்சுவது 14 லட்சத்து 40 ஆயிரம். கூலியும் காப்பீடும் 1 லட்சத்து 60 ஆயிரம் என்று கொள்வோம். மதிப்பு 16 லட்சமாயிற்று. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி பழைய காருக்கு அடிப்படைச் சுங்கம் நூற்றுக்கு 70, வேளாண் கட்டமைப்புத் தீர்வை 67½, கூட்ட 137½. அதாவது 22 லட்சம். ஆகப் பதினாறு லட்சத்துக் கார் முப்பத்தெட்டு லட்சமாகிவிட்டது. இந்த முப்பத்தெட்டின்மேல் சரக்கு சேவை வரி வேறு. வரிக்கும் வரி என்பது இதுவே. திட்டந்தோறும் வீதம் மாறுதல் கூடுமாதலின், கப்பலேற்றும் மாதத்து வீதத்தைக் கேட்டறிதல் நலம்.

துறைமுகத்து நடைமுறை அவ்வளவு கடினமன்று. கப்பல் கொணரும் சரக்குகளின் பட்டியலைக் கப்பற் கம்பெனியார் சுங்கத்துக்குக் கொடுப்பர். கார் உடையவர், கப்பற் சரக்கு ரசீதையும், வாங்கிய பட்டியலையும், அயல்நாட்டுப் பதிவையும், காப்பீட்டையும், சோதனைச் சான்றுகளையும் கொண்டு ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் இறக்குமதி விண்ணப்பத்தைக் கணினி வழியே தாக்கல் செய்தல் வேண்டும். உரிமம் பெற்ற சுங்கத் தரகரை அமர்த்திக் கொள்வதே வழக்கம். கப்பல் வருவதற்கு முந்திய நாளுக்குள் தாக்கல் செய்யத் தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம். அதிகாரிகள் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் நேரிற் கண்டு பத்திரத்தோடு ஒப்பிடுவர். வரி செலுத்திய பின் விடுவிப்பு ஆணை கிடைக்கும். இறங்கிய நாள்முதல் 30 நாளுக்குள் விடுவிக்காத சரக்கை, உடையவர்க்கு அறிவித்துவிட்டு விற்கவும் சட்டம் இடந் தருகின்றது. அதற்குள் துறைமுக வாடகையும் கண்டெய்னர் வாடகையும் நாடோறும் ஏறும். விதிக்கு மாறான கார் பறிமுதலுக்கு உரியது. சில வேளைகளில் மீட்புத் தண்டம் பெற்றுக்கொண்டு விடுவதும் உண்டு. அதனை நம்பிக் காரை ஏற்றுதல் அறிவுடைமையாகாது.

விடுவித்த காரை லாரியிலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்த பின், பதிவு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி உடையவர் வாழும் மாநிலத்து அலுவலகத்திலே பதிய வேண்டும். வடசென்னையார் சிலர்க்கு அது தண்டையார்ப்பேட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 20ஆம் எண் படிவம், இந்தியக் காப்பீடு, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, இறக்குமதி வண்டிக்குச் சுங்க விடுவிப்புச் சான்றையும் 1989ஆம் ஆண்டு விதிகள் கேட்கின்றன. ஆய்வாளர் வண்டியை நேரிற் பார்ப்பார். பின்னர்த் தமிழ்நாட்டு ஆயுட்கால வரி: 2023 நவம்பரில் உயர்த்தியபடி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு விலையில் நூற்றுக்கு 20, பழையதற்கு வயது நோக்கிக் குறையும். முன்பு நுழைவு வரி என ஒன்றும் இருந்தது. அதனை எதிர்த்துத் திரைப்பட நடிகர் ஒருவர் 2012இல் தொடுத்த வழக்கு, 2017இல் சரக்கு சேவை வரி வந்து அவ்வரியே மறைந்த பின்னும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது!

இவ்வழி கடிதாதலின் குறுக்கு வழி தேடுவோரும் உளர். 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்க அதிகாரிகள் ‘நும்கோர்’ என்று பெயரிட்ட சோதனையைக் கேரளத்தில் நடத்தினர். பூட்டானிய மொழியில் அதற்கு வண்டி என்று பொருள். பூட்டானிலிருந்து சுங்கமின்றிக் கொண்டுவந்து, பொய்ப் பத்திரங்களால் வடநாட்டில் பதிந்து, தெற்கே விற்றவை என்னும் ஐயத்தின்பேரில் பல உயர்ந்த கார்கள் கைப்பற்றப்பட்டன. இதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. சென்னையில் ஒருவரிடம் அயல்நாட்டுக் காரை இரண்டாங் கையாக வாங்குவோர், பதிவுப் புத்தகத்தை மட்டும் கண்டு அமைதல் போதாது. பில் ஆஃப் என்ட்ரியின் எண்ணையும், அதிற் கண்ட சேஸிஸ் எண்ணையும், இறங்கிய துறைமுகத்தையும் கேட்க வேண்டும். வேறு துறைமுகத்தின் பெயரோடு பழைய கார் வந்திருப்பின் வினவ வேண்டியது நிரம்ப உண்டு.

மூன்றாண்டு விதிக்கு அப்பாற்பட்ட வண்டி ஒன்று உண்டு. மிகப் பழங்காலத்துக் கார்களை உரிமமின்றிக் கொண்டுவரலாம். நெடுங்காலம் அது 1950ஆம் ஆண்டுக்கு முன் செய்தவற்றுக்கே உரியதாயிருந்து, 2025இல் ஐம்பதாண்டு கடந்தவற்றுக்கெல்லாம் விரிந்தது. ஆக, எண்ணூரில் அந்நாளிற் பூட்டிய ஆஸ்டினோடு உடன்பிறந்த கார் இங்கிலாந்தில் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதற்கு வழியுண்டு; சிற்றப்பாவின் நான்காண்டுக் காருக்கு இல்லை. அவர்க்கு யான் எழுதியது இதுவே: காரை ஆங்கே விற்றுவிடுக, அன்றி அதனிலேயே ஊரைக் காண வேண்டுமென்னும் ஆசை தீராதாயின், மோட்டார் சங்கத்தார் வழங்கும் ‘கார்னெட்’ என்னும் பிணைச்சீட்டைப் பெற்றுப் பயணியாகக் கொணர்க. அதற்குச் சுங்கம் இல்லை. ஆனால் ஆறு திங்களுக்குள் திரும்பக் கொண்டுபோக வேண்டும், தவறினால் சுங்கம் முழுவதையும் பிணை நின்ற சங்கத்தார் கட்டிப் பின்னர் அவரிடமே தண்டுவர்.